பெங்களூரில் இருந்தபடியே 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நிலக்கிழார் ஒருவரின் குடும்பத்தைத் தேடிப்பிடிப்பது எப்படி?

அல்சூரில் உட்கார்ந்துகொண்டு முதலாம் சார்லஸ் மன்னர் காலத்து எம்.பி. ஒருவரின் சொந்தபந்தங்களைத் தோண்ட முடியுமா? தாராளமாக முடியும், லேப்டாப்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியமும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். உதாரணத்துக்கு ஜான் ஹாம்ப்டனை எடுத்துக்கொள்வோம். பக்கிங்ஹாம்ஷயரில் கிரேட் ஹாம்ப்டன் ஊர்க்காரர், ஏகப்பட்ட நிலம், 'கப்பல் பணம்' என்ற வரியில் தன் தலையில் விழுந்த 20 ஷில்லிங்கைக் கட்ட மறுத்து மன்னரோடு வழக்காடியவர். 1638-ல் 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னர் பக்கம் சாய்ந்ததால் தோற்றார், ஆனால் நாடே அவர் பேரைச் சொன்னது.

முதலில் ஹிஸ்டரி ஆஃப் பார்லிமென்ட் இணையதளம், இலவசம்தான். ஒவ்வொரு எம்.பி. பற்றிய கட்டுரையும் குடும்பத் தகவல்களை நெருக்கி அடைத்த ஒரு பத்தியோடு தொடங்கும்: எத்தனையாவது மகன், எங்கே படித்தார், யாரை எப்போது கட்டினார், அப்பா சொத்து எந்த வருடம் கைக்கு வந்தது. அதை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அரசியலை அப்புறம் படிக்கலாம். நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதற்கு விக்டோரியா கவுண்டி ஹிஸ்டரி என்ற மாவட்ட வரலாற்று நூல் வரிசை, அதையும் இணையத்திலேயே படிக்கலாம்.

தேதியில் உஷார். 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி வருடம் மார்ச் 25-ல்தான் பிறந்தது. ஹாம்ப்டன் உட்பட ஐந்து பேரைக் கைது செய்ய மன்னரே நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது நம் கணக்கில் 1642 ஜனவரி 4, அந்தக் காலத்து ஏட்டில் அது 1641. அதனால் ஜனவரியிலிருந்து மார்ச் 24 வரை வரும் தேதிகளை 1641/42 என்று எழுதுவதே நல்லது. பெயர்களும் அப்படித்தான் குழப்பும். அப்பா வில்லியம், இவர் ஜான், மகன் ரிச்சர்ட், பேரன் திரும்பவும் ஜான். அம்மா, முதல் மனைவி, ஒரு மகள் என்று மூன்று பேருமே எலிசபெத். பிறந்த வருடமோ இறந்த வருடமோ பக்கத்தில் இல்லாமல் எந்தப் பெயரையும் எழுதாதீர்கள்.

உயில்கள் லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ப்ராப் 11' என்ற வரிசையில் ஸ்கேனாகக் கிடைக்கின்றன. கையெழுத்து முதலில் கோழிக் கிறுக்கலாகத்தான் தெரியும், அதைப் படிக்கக் கற்றுத்தரும் பாடமும் அவர்கள் தளத்திலேயே உண்டு.

என் கட்சி என்னவென்றால், ஆண் வாரிசை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் பாதிக் குடும்பம் கைநழுவிவிடும். கல்யாண வீட்டில் அத்தைமார் விசாரிப்பதுபோல, பெண் எடுத்தது எங்கே, கொடுத்தது எங்கே என்று கேட்க வேண்டும். ஹாம்ப்டனின் அம்மா, உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்து வென்ற ஆலிவர் கிராம்வெல்லின் அப்பாவோடு பிறந்தவர். அதாவது ஹாம்ப்டன் கிராம்வெல்லுக்கு அத்தை மகன்! முதல் மனைவி எலிசபெத் சிமியனுக்கு ஒன்பது பிள்ளைகள். அதில் மேரி முதலில் கட்டியது ராபர்ட் ஹேமண்டை. வைட் தீவில் மன்னரைக் காவலில் வைத்திருந்த அதே கர்னல்தான். அவர் இறந்தபின் சர் ஜான் ஹோபார்ட்டை மணந்தார். அந்த ஹோபார்ட் வழியில் வந்த ராபர்ட் ஹோபார்ட் 1794 முதல் 1798 வரை நம் மெட்ராஸ் கவர்னர், 1872-ல் இன்னொரு ஹோபார்ட்டும் அதே நாற்காலிக்கு வந்தார். ராபர்ட்டும் எம்.பி.யாக இருந்தவர் என்பதால் அவரையும் அதே பார்லிமென்ட் தளத்திலேயே தேடலாம், 1790–1820 காலத்துக்கான தொகுப்பில்.