தமிழ் தெரியும், திருமங்கலம் தெரியாது: ஏ.ஐ. செயலியிடம் மதுரைக்காரர்கள் செய்யும் தவறுகள்

கலெக்டர் ஆபீஸ் மனு, பட்டாவில் ஒரு சந்தேகம், காதணி விழா பத்திரிகை, தேனிக்கு எங்கே பஸ் ஏறுவது என்ற கேள்வி. எல்லாமே இப்போது செல்போனில் இருக்கும் ஏ.ஐ. செயலியிடம் போகிறது. பதிலும் நல்ல தமிழில் நொடியில் வந்து விழுகிறது. ஆளை ஏமாற்றுவது அந்த நல்ல தமிழ்தான். தடுமாறாமல் பேசுகிறவருக்கு விஷயம் தெரியும் என்று நம்புவது நம் பழக்கம். இந்தச் செயலிகளோ அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்கிட்டுக்கொண்டே வாக்கியத்தைக் கட்டுகின்றன. தெரிந்ததைச் சொல்லும்போதும் தெரியாததைச் சொல்லும்போதும் அவற்றின் நடை ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஊர்ப்பெயரை மொட்டையாகக் கொடுப்பது

திருமங்கலம் என்றால் நமக்குத் தெற்கே இருக்கும் தாலுகா தலைநகர். செயலிக்கு அது சென்னை அண்ணாநகருக்குப் பக்கத்து மெட்ரோ ஸ்டேஷனாகவும் இருக்கலாம். பெருங்குடியும் அப்படித்தான்: மதுரை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒன்று, சென்னையில் ஒன்று. அண்ணாநகர், கே.கே.நகர் என்று இந்தப் பட்டியல் நீளும். இணையத்தில் சென்னையைப் பற்றி எழுதியிருப்பது அதிகம். அதனால் பெயரை மட்டும் கொடுத்தால் பதில் அந்தப் பக்கமே சாயும். மாவட்டம், வட்டம், ஊராட்சி மூன்றையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். நகருக்குள் என்றால் வார்டு எண்ணும் பின்கோடும் போதும்.

பஸ் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மதுரை பஸ் ஸ்டாண்ட் என்று கேட்டால் செயலி பெரும்பாலும் மாட்டுத்தாவணியைத்தான் சொல்லும். சென்னை, திருச்சி, திருநெல்வேலி, ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு அது சரி. தேனி, திண்டுக்கல், கோயம்புத்தூர் போக வேண்டியவர் மாட்டுத்தாவணியில் இறங்கினால், மறுபடி டவுன் பஸ் பிடித்து ஊரைக் குறுக்கே கடந்து ஆரப்பாளையம் வர வேண்டும். அவசரத்தில் யாரும் இதை ரசிக்க மாட்டார்கள். சித்திரைத் திருவிழாத் தேதியும் இதே ரகம்தான். பஞ்சாங்கப்படி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதைப் போன வருடத்துத் தேதியோடு கலந்து சொல்லிவிடும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு லீவு போடுவதானால் கோயில் வெளியிடும் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

மனுவில் அலங்காரத்தை விட்டுவைப்பது

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஏ.ஐ. எழுதித் தரும் மனு பார்க்க அழகாக இருக்கும். 'மாண்புமிகு மாவட்ட ஆட்சியர்' என்று ஆரம்பித்து, வறுமையை ஒரு பத்தி வர்ணித்து, நன்றியுணர்வை ஒரு பத்தி கொட்டியிருக்கும். மாண்புமிகு என்பது அமைச்சருக்கும் நீதிபதிக்கும் போடுவது. ஆட்சியருக்கு 'உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்' போதும். மனுவைப் பிரித்துத் துறைக்கு அனுப்புகிறவர் தேடுவது இவற்றைத்தான்: பெயர், கதவு எண்ணோடு முகவரி, செல் எண், கிராமம், வட்டம், சர்வே எண், உட்பிரிவு எண், இதற்கு முன் மனு கொடுத்திருந்தால் அதன் எண்ணும் தேதியும், உங்களுக்கு என்ன செய்து தர வேண்டும் என்று ஒரே வரி. இவ்வளவையும் நீங்களே முதலில் தாளில் எழுதி, 'இதில் இல்லாத எதையும் சேர்க்காதே, ஒரு பக்கத்துக்குள் முடி' என்று சொல்லிக் கொடுங்கள். இப்படிச் சொல்லாவிட்டால் விடுபட்ட இடத்தைச் செயலி தானே நிரப்பிவிடும். நீங்கள் சொல்லாத தேதி, கேள்விப்படாத அரசாணை எண் எல்லாம் மனுவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அரசாணை எண் விஷயத்தில் இது அடிக்கடி நடக்கக் காரணம் இருக்கிறது. 'அரசாணை (நிலை) எண், துறை, நாள்' என்ற அச்சு எப்போதும் மாறாது. அந்த அச்சைச் செயலி நன்றாகப் படித்து வைத்திருக்கிறது. உள்ளே வரும் எண்ணை ஊகித்துப் போடுகிறது. தீர்ப்புகளை மேற்கோள் காட்டும்போதும் இதே கதைதான். 2023-ல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி கொடுத்த இல்லாத வழக்குகளைக் கோர்ட்டில் தாக்கல் செய்ததற்காக வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகிற மனுவுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். அரசாணையைத் துறையின் தளத்தில் தேடிப் பிரதியை எடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்த வரியையே அடித்துவிடுங்கள். மனு அதனால் பலவீனமாகாது.

தகவல் உரிமை மனுவில் வேறு வகைத் தவறுகள் வரும். செயலி 'ஏன் இன்னும் சாலை போடவில்லை?', 'இது நியாயமா?' என்று கேள்விகளை அடுக்கும். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆபீஸில் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். ஏன் என்பதற்குப் பதில் சொல்ல அவர்களுக்குக் கட்டாயம் இல்லை. 'இன்ன சாலைப் பணிக்கான வேலை உத்தரவின் நகல், அளவுப் புத்தகத்தின் (செய்த வேலையை அளந்து எழுதி வைக்கும் பதிவேடு) நகல்' என்று கேட்டால் தட்டிக்கழிப்பது கஷ்டம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுதவும் தேவையில்லை. பிரிவு 6(2) அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும் செயலி ஒரு பத்திக் காரணம் எழுதித் தரும், அதை எடுத்துவிடுங்கள். அடுத்தது முகவரி. 'மத்தியப் பொதுத் தகவல் அலுவலர்' என்று போட்டிருந்தால் மாற்றுங்கள். தாலுகா ஆபீஸ், மாநகராட்சி எல்லாம் மாநில அரசு. ரயில்வே, விமான நிலையம், தோப்பூர் எய்ம்ஸ் மத்திய அரசு. மாநில அலுவலகத்துக்குக் கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகு 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம். செயலி டெல்லியில் இருக்கும் மத்தியத் தகவல் ஆணையத்தின் முகவரியைக் கொடுத்தால் அங்கே அனுப்பாதீர்கள், தபால் செலவுதான் மிச்சம்.

பட்டாவைப் படமெடுத்து அனுப்பி 'எத்தனை சென்ட்?' என்று கேட்பது

கணினிப் பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். '0 - 12.50' என்றால் பூஜ்யம் ஹெக்டேர், பன்னிரண்டரை ஏர். ஒரு ஏர் 2.47 சென்ட். ஆக மொத்தம் கிட்டத்தட்ட 30.9 சென்ட். இதைச் செயலி 12.50 சென்ட் என்று படித்துவிட்டால் பாதிக்கு மேல் நிலம் காகிதத்தில் காணாமல் போகும். பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் தீர்வைத் தொகையைப் பரப்பு என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. எனவே படத்தைக் கொடுக்காமல் எண்ணை நீங்களே தட்டச்சு செய்து, 'ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஒரு சென்ட் 435.6 சதுர அடி, இதை வைத்துக் கணக்கிடு' என்று அளவையும் சேர்த்துக் கொடுங்கள். குழி, மா என்று சொல்லிக் கேட்கவே கேட்காதீர்கள். குழிக்கு எத்தனை சதுர அடி என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். எங்கோ படித்த ஒரு கணக்கை நம் ஊர் நிலத்துக்குப் போட்டுவிடும்.

தாத்தா காலத்துப் பத்திரம் என்றால் இன்னும் மோசம். அதில் தமிழ் எண்கள் இருக்கும். ௧ பார்க்க 'க' போலவும் ௨ 'உ' போலவும் ௭ 'எ' போலவும் ௮ 'அ' போலவும் இருப்பதால் எண்ணை எழுத்தாகவும் எழுத்தை எண்ணாகவும் செயலி மாற்றிப் படிக்கிறது. 'மா' என்பது அங்கே இருபதில் ஒரு பங்கு, காணி எண்பதில் ஒரு பங்கு. பழைய கையெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி விடுபட்டிருப்பதும் சகஜம். இப்படிப்பட்ட பத்திரத்தைப் பழைய எழுத்து படிக்கத் தெரிந்த பத்திர எழுத்தரிடம் கொடுங்கள். வில்லங்கச் சான்று பதிவுத்துறைத் தளத்திலேயே கிடைக்கிறது. 'இந்த இடத்தை வாங்கலாமா?' என்ற கேள்விக்கு அந்தச் சான்றையும் தாய்ப்பத்திரத்தையும் பார்த்து வக்கீல் சொல்வதுதான் பதில்.

பத்திரிகையும் ஃபிளெக்ஸும் அடிப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. படம் உருவாக்கும் ஏ.ஐ.யிடம் தமிழ் எழுத்தையும் சேர்த்து வரையச் சொல்லாதீர்கள். கொம்பும் காலும் இடம் மாறும், 'ஸ்ரீ' உடையும். படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு எழுத்தை டிசைனர் தனியாகப் போடட்டும். பல பிரஸ்களில் இன்னும் யூனிகோடுக்கு (செல்போனிலும் இணையத்திலும் இப்போது வழங்கும் எழுத்துக் குறியீட்டு முறை) முந்தைய எழுத்துருக்கள்தான். செயலியிலிருந்து நகலெடுத்த யூனிகோடு வரியை அங்கே ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும். மாற்றித் தர இலவசக் கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. மாற்றிய பிறகு பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மொக்கைச்சாமி, ஒச்சம்மாள், பேச்சியம்மாள் போன்ற பெயர்களைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடும் செயலிகள் உண்டு. உசிலம்பட்டி மொய் வரவு அதோடு போயிற்று.

குரலில் சொல்லி எழுதவைப்பவர்களும் அச்சிட்டதை ஒருமுறை படியுங்கள். 'வந்தாய்ங்க, போனாய்ங்க' என்று நாம் பேசுவது செயலிக்குப் பழக்கமில்லை. எழுத்துத் தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னால் தேறும்.

கஸ்டமர் கேர் நம்பரை ஏ.ஐ.யிடம் கேட்பது

எல்லாவற்றிலும் பணம் போகிற தவறு இதுதான். மோசடிக்காரர்கள் போலி நம்பர்களை இணையத்தில் பல இடங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். தேடித் தொகுத்துத் தரும் செயலி அதையே பொறுக்கி, வங்கியின் பெயரோடு அழகாக எடுத்து நீட்டும். வங்கி நம்பர் ஏ.டி.எம். கார்டின் பின்புறம் இருக்கிறது, யு.பி.ஐ. செயலிக்குள் 'உதவி' பகுதி இருக்கிறது. வேறெங்கும் தேட வேண்டாம். பணம் உங்களுக்கு வர வேண்டுமென்றால் பின் நம்பர் போடவே தேவையில்லை. பின் கேட்டால் அது உங்கள் பணம் வெளியே போகிற பக்கம். போய்விட்டால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வேலை சீக்கிரம் நடக்கும்.

மாத்திரை அட்டையைப் படமெடுத்து 'எத்தனை போடலாம்?' என்று கேட்பதும் இதே பட்டியலில் வரும். பெயரில் ஓரெழுத்து வித்தியாசத்தில் வேறு மருந்தே இருக்கிறது. மருந்துக்கடைக்காரரிடம் அட்டையைக் காட்டுங்கள்.

நெட் சென்டரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருவது

ஆதாரைச் செயலிக்குள் ஏற்றாதீர்கள். மனுவை எழுதித் தரச் செயலிக்கு அது தேவையே இல்லை. எங்காவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். செயலியின் அமைப்புகளில், உங்கள் உரையாடலைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்ற அனுமதி இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். உரையாடலை லிங்காக அனுப்பும் முன்பும் யோசியுங்கள். 2025-ல் சாட்ஜிபிடியில் பயனர்கள் அப்படிப் பகிர்ந்த பல உரையாடல்கள் கூகுள் தேடலில் வந்து நின்றன.

கடையின் கணினியில் உங்கள் கணக்கைத் திறந்தால் மறைவான விண்டோவில் திறந்து, முடிந்ததும் வெளியேறுங்கள். பிரிண்டுக்காகக் கடைக்காரரின் வாட்ஸப்புக்கு அனுப்பிய பத்திரத்தை 'எல்லோருக்கும் அழி' போட்டாலும், ஏற்கெனவே கணினியில் இறங்கிய பிரதி அப்படியே இருக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் ரீசைக்கிள் பின்னிலும் அதை அழிக்கச் சொல்லி, அழித்ததைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.