சூனியக்காரிகளின் காதல் கதையை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூனியக்காரிகளையும் இயற்கையையும் களமாகக் கொண்ட இளையோர் காதல் மிகுபுனைவை வாசிப்போர் பெரும்பாலும் செய்யும் தவறு, மழையையும் மரங்களையும் பற்றிய பத்திகளைத் தாவிக் கடந்து, காதலர்கள் பேசிக்கொள்ளும் பக்கத்துக்கு விரைவதே. இந்த வகை நாவலில் கதையின் விதிகள் அந்தப் பத்திகளில்தான் இருக்கின்றன. கதாநாயகியின் ஆற்றல் கோடையில் பெருகி இலையுதிர்காலத்தில் வடியுமென்றால், அவள் எப்போது துணிந்து காதலைச் சொல்வாள், எப்போது அஞ்சி விலகுவாள் என்பதையும் பருவமே தீர்மானிக்கிறது. தொடக்க அத்தியாயத்தில் அவள் தொட்டதும் கருகிய கொடியைக் கவனியாமல் விட்டவருக்கு, பின்னால் அவள் காதலனின் கையைப் பற்ற மறுப்பது வெறும் பிடிவாதமாகவே தோன்றும்.

விழா நாட்களையும் அப்படித்தான் பலர் அலங்காரமாக எண்ணிவிடுகிறார்கள். இக்கதைகள் பலவற்றில் வரும் எட்டு விழாக்களின் ஆண்டுச் சக்கரம் வட அரைக்கோளத்தின் பருவங்களை ஒட்டியது; டிசம்பர் 21-ஐ ஒட்டிய மிக நீண்ட இரவு யூல், மே 1 பெல்டேன், ஜூன் 21-ஐ ஒட்டிய மிக நீண்ட பகல் லித்தா. பிரிவு யூலிலும் முதல் முத்தம் பெல்டேனிலும் நிகழ்ந்தால் அது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை. கதை தென் அரைக்கோளத்தில் நடந்தால் இந்த நாட்கள் ஆறு மாதம் தள்ளிப்போகும்.

அதே வேளையில் நாவலை வரலாற்று நூலாகக் கொள்ளவும் கூடாது. எட்டு விழாக்களில் சில பழமையானவை. ஆனால் அவற்றை ஒரே சக்கரமாகக் கோத்தது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டனில் வளர்ந்த, சூனியத்தையும் இயற்கை வழிபாட்டையும் அடிப்படையாகக் கொண்ட விக்கா என்ற புதிய சமயம். சேலத்தில், அதாவது அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், 1692-இல் சூனியக் குற்றம் சாட்டப்பட்டுத் தண்டிக்கப்பட்ட 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், எவரும் எரிக்கப்படவில்லை. ஸ்காட்லாந்திலும் ஜெர்மானிய நிலங்களிலும் எரித்தது உண்மை என்பதால், கதை எந்த மண்ணில் நடக்கிறது என்று பார்த்த பிறகே ஆசிரியரைக் குறை கூறலாம்.

கதையில் வரும் மூலிகைக் கலவைகளைச் செய்து பார்ப்பது மட்டும் சிரித்துவிட்டுப் போகக்கூடிய தவறன்று. பெல்லடோனா செடியிலுள்ள அட்ரோபின் என்ற நச்சும், ஃபாக்ஸ்குளோவ் செடியில் இதயத் துடிப்பைப் பாதிக்கும் பொருட்களும் உயிரையே பறிக்கக்கூடியவை.

இனி காதலுக்கு வருவோம். பதினேழு வயதுக் கதாநாயகி அவசரப்படுகிறாள் என்று எரிச்சலடையும் வயதுவந்த வாசகர், அந்த அவசரத்தைக் காட்டவே நாவல் எழுதப்பட்டதை மறந்துவிடுகிறார். இதைவிடப் பெரிய பிழை, அவள் சொல்வதையெல்லாம் ஆசிரியரின் கருத்தாக எடுத்துக்கொள்வது. குறிப்பாகக் கதையை அவளே தன்வாயால் சொல்லும்போது, காதலுக்காக ஆற்றலைத் துறப்பதே தியாகம் என்று அவள் நம்பலாம். அதே அத்தியாயத்தில் ஆறு வற்றுவதையும் பறவைகள் திரும்பி வராததையும் காட்டி ஆசிரியர் அதை மறுத்துக்கொண்டிருக்கலாம். பேச்சை மட்டும் படித்தவருக்கு அது இனிய முடிவு. காட்டையும் சேர்த்துப் படித்தவருக்கு அது முடிவே அல்ல.