கிட்டார் ஓரத்துல கருப்பு-வெள்ளை-கருப்பு கோடு: வெனீர் ஒட்டி வளைக்கறது எப்படி

அக்கௌஸ்டிக் கிட்டாரோட முகப்பலகை ஓரத்துல, பைண்டிங்க (விளிம்ப சுத்தி வர்ற பட்டை) ஒட்டி மெல்லிசா ஒரு கருப்பு-வெள்ளை-கருப்பு கோடு ஓடும்ல, அதுதான் பர்ஃப்ளிங். மூணு வெனீர் ஷீட் (மெல்லிசா சீவின மரத்தாள்), ரெண்டு கருப்பு, நடுவுல வைக்க ஒரு வெள்ளை மேப்பிள், இருந்தா வீட்லயே பண்ணிக்கலாம். ரூட்டர்ல பள்ளம் எடுக்கறது தெரியும்னு வச்சுக்கிட்டு நேரா மேட்டருக்கு வரேன்.

1. வெனீர்

0.5 மி.மீ. கனம் போதும். பிளைவுட் கடைல கிடைக்கறதுல நிறைய, பின்பக்கம் பேப்பரோ துணியோ ஒட்டினதா இருக்கும், அது வேணாம். கருப்பு வெனீர் உள்வரைக்கும் சாயம் ஏறினதா இருக்கணும், ஒரு ஓரத்த வெட்டிப் பாத்தா தெரிஞ்சிடும். அப்படியே ஈர டிஷ்யூ வச்சு ஒரு துடை துடைங்க, சாயம் இறங்கினா நாளைக்கு வெள்ளை மேப்பிள் சாம்பல் கலராயிடும்.

2. ஒட்டறது

மூணு ஷீட்லயும் மர ரேகை நீளவாக்குலயே ஓடணும். பிளைவுட் மாதிரி நடு ஷீட்ட குறுக்க வச்சா எந்த சூட்டுலயும் ஒழுங்கா வளையாது. நீளம் 80 செ.மீ.க்குக் குறையாம எடுங்க. பசைய பழைய ஏடிஎம் கார்டால மெல்லிசா இழுத்து விடுங்க, ஈரம் பட்டதும் வெனீர் சுருள ஆரம்பிச்சிடும், அதனால கிளாம்ப் எல்லாம் முன்னாடியே கைக்கெட்டற தூரத்துல இருக்கணும். ரெண்டு எம்.டி.எஃப். பலகை, நடுவுல பாலிதீன், ராத்திரி முழுக்க அழுத்தம்.

பசைல என் சாய்ஸ் டைட்பாண்ட் ஒரிஜினல், சிவப்பு லேபிள். சாதா ஃபெவிகாலும் ஓகே. எபாக்ஸி வேணவே வேணாம், காரணம் நாலாவது ஸ்டெப்ல.

3. கீத்து எடுக்கறது

ஒட்டின ஷீட்ட நீளவாக்குல பட்டை பட்டையா வெட்டறதுதான் கீத்து. ஸ்டீல் ஸ்கேல், புது பிளேடு, லேசா பல தடவ. ஒவ்வொண்ணும் 2 மி.மீ. உயரம். ஒரே அழுத்துல வெட்டப் பாத்தா பிளேடு ரேகையோட ஓடிடும்.

4. வளைக்கறது

எல்லாரும் மாட்டற இடம் இதுதான். பெண்டிங் அயர்ன்ல (மரத்த வளைக்கற சூடான உலோகக் குழாய்) வச்சதும் அடுக்கு பிரியுது, உடனே பசை சரியில்லன்னு பசைய மாத்தறாங்க. பசை மேல தப்பே இல்ல. வெள்ளப் பசை (ஃபெவிகால்), மஞ்சப் பசை (டைட்பாண்ட்) ரெண்டுமே சூட்டுல இளகும், இளகணும். மூணு அடுக்க அரைவட்டமா வளைச்சா வெளி அடுக்கு உள் அடுக்க விட ஏறக்குறைய 3 மி.மீ. கூட போகணும், வட்டம் பெருசா சின்னதாங்கறது கணக்கே இல்ல. பசை இளகினாதான் அடுக்குங்க ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும், ஆறினதும் திரும்பப் பிடிச்சுக்கும். எபாக்ஸி மாதிரி கெட்டிப் பசை வழுக்க விடாது, அப்புறம் உள்பக்கம் சுருங்கி மடியும் இல்ல வெளிப்பக்கம் விரியும்.

அதனால நுனிய முன்னாடியே அளவா வெட்டாதீங்க. நாலு கீத்த பக்கத்துல பக்கத்துல வச்சு டேப் போட்டு ரிப்பன் மாதிரி வளைங்க, தனியா வளைச்சா முறுக்கிக்கும். கிட்டார் இடுப்புலேருந்து ஆரம்பிங்க, அங்கதான் வளைவு எதிர்ப்பக்கம் திரும்புது. வெளிப்பக்கம் மெல்லிசான ஸ்டீல் பட்டை ஒண்ணு வச்சு அழுத்துங்க. தண்ணி, ஈரத் துணியால ஒரு தடவல் மட்டும்.

சூடு பாக்க அயர்ன்ல ஒரு சொட்டு தண்ணி விடுங்க. சொய்ங்னு உடனே ஆவியாகணும். முத்து மாதிரி உருண்டு ஓடுச்சுன்னா சூடு ஜாஸ்தி, மேப்பிள் பழுப்பாயிடும். அயர்ன் வாங்க காசு இல்லன்னா செம்பு பைப்புக்குள்ள ஹீட் கன் காத்து விட்டாலே போதும்.

முக்கியமானது, வளைஞ்சதும் கைய எடுத்துடாதீங்க. சூடா இருக்கும்போதே கிட்டார் பாடிய சுத்தி மாஸ்கிங் டேப் போட்டு இறுக்கிடுங்க, முழுசா ஆறுற வரைக்கும் தொடாதீங்க. சூட்டோட விட்டா அடுக்கு அப்பவே வாயைப் பிளக்கும். நுனில லேசா பிரிஞ்சிருந்தா கொஞ்சம் பசை விட்டு கிளிப் போடுங்க, அது பெரிய விஷயமில்ல.

அப்டேட்: கட்அவே இருந்தா?

நிறைய பேர் இதக் கேட்டாங்க. கழுத்துப் பக்கத்துல கை உள்ள போறதுக்காக பாடில குடைஞ்சு விடற இடம்தான் கட்அவே. அந்த வளைவு ரொம்ப இறுக்கம், ஒட்டின கீத்து அங்க அடம் பிடிக்கும். அந்தப் பக்கத்துக்கு மட்டும் மூணு வெனீரையும் ஒட்டாம தனித்தனியா வளைச்சு, பள்ளத்துல பசை விட்டு, மூணையும் பைண்டிங்கோட சேத்து ஒரே நேரத்துல டேப் போட்டு இழுத்து ஒட்டுங்க. கை முழுக்க பசையாகும். சூப்பர் க்ளூ போட்டு முடிச்சிடலாம்னு யாராவது சொன்னா, அத சூடு பண்ணினா வர்ற புகை கண்ண எரிச்சுடும், அதனால வளைக்கறதுக்கு முன்னாடி மட்டும் அந்தப் பக்கம் போகாதீங்க.