பாலித் திரிபிடகம்: புதிதாகப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலி மொழியில் உள்ள பௌத்த மூலநூல் தொகுப்புதான் திரிபிடகம். அதன் பாலிச் சொற்களில் நாக்கு தடுமாறுவதும் நிகாயங்களின் (புத்தரின் போதனைகளைத் தொகுத்த நூல்தொகுதிகள்) பெயர் குழம்புவதும் படிக்கப் படிக்கத் தானே சரியாகிவிடும். கீழே இருப்பவை அப்படிச் சரியாவதில்லை. புதிதாக வரும் ஒவ்வொரு வாசகரிடமும் இவற்றையே பார்க்க வேண்டியிருக்கிறது.

உரையை மூலமாக எடுத்துக்கொள்வது

இதைத்தான் என்னால் இன்னும் சகித்துக்கொள்ள முடியவில்லை. கொலைகாரனாக இருந்து புத்தரிடம் துறவியான அங்குலிமாலன் கதையையே பாருங்கள். தட்சசீலத்தில் படித்த நல்ல மாணவன், பொறாமைக்காரர்கள் மூட்டிய கோள், ஆயிரம் விரல் கேட்ட ஆசிரியர், கடைசி விரலுக்காகத் தாயையே வெட்டப் போன மகன். "திரிபிடகத்தில் இப்படி இருக்கிறது" என்று மேடையிலும் கட்டுரையிலும் சொல்கிறார்கள். மஜ்ஜிம நிகாயத்தின் 86ஆம் சுத்தத்தில் (சுத்தம் என்பது சூத்திரம் என்பதன் பாலி வடிவம்) இவற்றில் ஒன்றுகூட இல்லை. மூத்த துறவிகளின் பாடல் தொகுப்பான தேரகாதையில் அவர் பெயரில் உள்ள பாடல்களிலும் இல்லை. எல்லாம் உரைகளில், அதாவது அட்டகதைகளில், வருபவை. பரிமேலழகர் எழுதியதை வள்ளுவர் வாக்காக மேற்கோள் காட்டுவதற்குச் சமம் இது.

மூலத்தில் அவன் ஏன் கொலைகாரன் ஆனான் என்பதற்குக் காரணமே சொல்லப்படவில்லை. விரல் மாலை இருக்கிறது. பத்து, இருபது, முப்பது, நாற்பது பேராகச் சேர்ந்து போனவர்களும் அவன் கையில் சிக்கியது இருக்கிறது. துறவியான பிறகு கல்லடி பட்டு, தலையில் ரத்தம் வழிய, பாத்திரம் உடைந்து, மேலாடை கிழிந்து திரும்பி வருகிறார். பொறுத்துக்கொள், நரகத்தில் நெடுங்காலம் அனுபவிக்க வேண்டியதை இங்கேயே அனுபவிக்கிறாய் என்கிறார் புத்தர். உரைக் கதையை உள்ளே நுழைத்தால் பழி ஆசிரியர் தலையில் விழுகிறது. இந்தக் காட்சியின் கனமே போய்விடுகிறது.

உரையைத் தள்ளச் சொல்லவில்லை. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் என்ற உரையாசிரியர் அனுராதபுரத்தில் பழைய சிங்கள உரைகளை வைத்துப் பாலியில் தொகுத்தவை மதிப்பு மிக்கவை. அங்குத்தர நிகாய உரையின் முடிவில் தாம் காஞ்சிபுரத்தில் வாழ்ந்ததையும் அவர் குறிப்பிடுகிறார். எதை எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு கதை கிடைத்தால் முதலில் சுத்த எண்ணைத் தேடுங்கள். எண் இல்லாமல் "தம்மபதம் 173ஆம் பாடலின் கதை" என்று மட்டும் இருந்தால் அது உரை. தம்மபதத்தின் மூலம் 423 பாடல்கள் மட்டுமே. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகத்தின் 547 கதைகளிலும் பாடல்களே மூலம், உரைநடை அட்டகதை. ஆறாம் சங்காயனப் பதிப்பில் (சங்காயனம் என்பது நூல்களைச் சரிபார்க்கத் துறவிகள் கூடும் பேரவை) மூலம், அட்டகதை, டீகா (உரைக்கு எழுதிய உரை) மூன்றும் தனித்தனியாக இருப்பதால் சரிபார்ப்பது எளிது. அவசரப்பட்டு மறுபக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. இறந்த குழந்தைக்கு மருந்தாக, சாவே நேராத வீட்டில் கடுகு தேடிப் போன கிசாகோதமியின் கடுகுக் கதை உரையில் மட்டும்தான் என்று அடித்துச் சொல்பவர்கள் அபதானத்தைப் பார்ப்பதில்லை. அங்கே அது சுருக்கமாகச் செய்யுளில் இருக்கிறது, அபதானம் குத்தக நிகாயத்தைச் சேர்ந்த மூலநூல்.

"…பெ…" என்பதைத் தாண்டிப் போவது

"பெய்யாலம்" என்பதன் சுருக்கம் இது. முன்பு வந்த பகுதியை இங்கே நிரப்பிப் படி என்று பொருள். தீக நிகாயத்தில் ஒழுக்கம், புலனடக்கம், தியானங்கள் என நீளும் பயிற்சி 2ஆம் சுத்தத்தில் (சாமஞ்ஞபலம்) முழுமையாக வருகிறது; 3 முதல் 13 வரை சுருக்கிவிடுகிறார்கள். 3ஆம் சுத்தத்தை (அம்பட்டம்) மட்டும் பிரித்துப் படிப்பவருக்கு அது வெறும் சாதி வாக்குவாதமாகத் தெரியும். நடுவில் இருக்க வேண்டிய பயிற்சியே கண்ணில் படாது.

எண்ணைக் கலப்பது

காலாமர் என்ற குலத்தாருக்குப் புத்தர் சொன்ன சுத்தம் அங்குத்தர நிகாயத்தில் 3.65 என்றும் வரும், 3.66 என்றும் வரும். பதிப்புக்குப் பதிப்பு எண்ணிக்கை மாறுகிறது. "முதல் தொகுதி, 188" என்றிருந்தால் அது சுத்த எண் அல்ல, பாலி டெக்ஸ்ட் சொசைட்டி பதிப்பின் பக்க எண். எந்தப் பதிப்பு என்று கூடவே எழுதுங்கள்.

இதய சூத்திரத்தை இங்கே தேடுவது

அது மகாயான நூல். பாலியில் இல்லை.