பொற்றாசியம் மறுகரைக்குப் போக மறுத்தபோது

யூ வடிவக் குழாய், அடியில் தண்ணீரோடு கலக்காத குளோரோபோம், மேலே இரு கைகளிலும் தண்ணீர். ஒரு பக்கத்துப் பொற்றாசிய அயனை, அதைத் தன் நடுத்துளையில் பிடிக்கும் வளைய மூலக்கூறான 18-கிரவுண்-6 மறுபக்கம் சுமந்துபோக வேண்டும். கொழும்பில் எங்கள் ஆய்வுகூடத்தில் பொற்றாசியம் அசையவே இல்லை. வளையத்தின் துளை 2.6 முதல் 3.2 ஆங்ஸ்ட்ரம், பொற்றாசிய அயனின் விட்டம் ஏறத்தாழ 2.7. பொருத்தத்தில் குறையில்லை.

சிக்கல் பொற்றாசியத்தோடு கூடவே வரும் எதிரயனில், அதாவது எதிர்மின்னேற்றமுள்ள குளோரைட்டில். குளோரைட்டைத் தண்ணீர் இறுகச் சூழ்ந்திருக்கும், குளோரோபோமுக்குள் லேசில் இறங்காது. அது வராமல் பொற்றாசியமும் போகாது. பதிலுக்கு, தண்ணீர் அவ்வளவு இறுகப் பிடிக்காத மஞ்சள் நிற எதிரயனான பிக்ரேற்று போட்டேன். அடியில் மஞ்சள் பரவுவது கண்ணுக்கே தெரிந்தது. (பிக்ரேற்றை உலரவிடாதீர்கள், வெடிக்கும்.)

அப்புறம் இன்னொரு ஓட்டை: 18-கிரவுண்-6 தண்ணீரிலும் நன்றாகக் கரைவதால் குளோரோபோமை விட்டுக் கழன்றுகொண்டே இருந்தது. வேதியியலாளர் பெடர்சன் 1967இல் அறிவித்த டைபென்சோ-18-கிரவுண்-6, இரண்டு பென்சீன் வளையங்களின் புண்ணியத்தில், தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையாது. பதிலுக்கு அதைப் போட்டதும் சரி.

“கூண்டு மாதிரி அயனைச் சூழும் கிரிப்டாண்ட் இன்னும் இறுக்கிப் பிடிக்குமே, தம்பி?” என்றார் கூட வேலை செய்யும் அண்ணா. பிடிக்கும்தான் அண்ணா, ஆனால் மறுபக்கத்தில் விடத் தாமதிக்கும் என்றேன்.