பப்பி சாப்பாட்டை எப்போது மாற்றலாம்? ராணியை நிறுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது

எங்கள் நாய் ராணி குட்டியாக எங்களுக்குக் கிடைத்தது சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில், பழைய லயத்துக்குப் பின்னால் செம்பனை மட்டை அடுக்கியிருந்த இடத்தில். மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். இன்று 15 கிலோ. நடுவில் அவசரப்பட்டு அவள் சாப்பாட்டை மாற்றிவிட்டேன். அவள் பட்ட பாடு இன்னும் மனதை உறுத்துகிறது.

எட்டாம் மாதம் பப்பி (குட்டி நாய்ச் சாப்பாடு) மூட்டை தீர்ந்துபோனது. கடையில் அன்றைக்கு அடல்ட் (வளர்ந்த நாய்ச் சாப்பாடு) மட்டும்தான் இருந்தது. "இதைப் போயி இன்னும் குட்டிங்கிற, கன்னுக்குட்டி மாதிரி நிக்குது" என்று அம்மாவும் சொன்னார். வாங்கி வந்து அன்று சாயந்திரமே தட்டு நிறையப் போட்டேன். மறுநாள் ராத்திரி மூன்று தடவை கதவைப் பிறாண்டினாள், தண்ணீராகப் போனது. ஈப்போவில் மருத்துவர் பார்த்துவிட்டு இரண்டு தப்பைச் சொன்னார்: ஒரே நாளில் மாற்றியது, வளர்ச்சி முடியும் முன்பே மாற்றியது.

1. வயசு, அளவு

பிறந்த தேதி தெரியாத குட்டி என்றால் வாயைத் திறந்து பாருங்கள். பால் பல் 28. முன்பற்கள் மூன்று, நான்கு மாதத்தில் விழத் தொடங்கும். ஏழு மாத வாக்கில் 42 பல்லும் வந்துவிடும்.

வளர்ந்தபின் 10 கிலோவைத் தாண்டாத சின்ன ஜாதி 9 முதல் 12 மாதத்தில் மாறலாம். 25 கிலோ வரை போகிற நடுத்தர நாய்க்கு ஏறக்குறைய ஒரு வயசு. அதற்கு மேல் போகிற பெரிய ஜாதிக்கு 12 முதல் 18 மாதம், ராட்சச ஜாதிக்கு இரண்டு வயசுகூட ஆகும். நம் கம்பத்து நாய்கள் பெரும்பாலும் நடுத்தரம். அந்த அளவு நாய் நான்கைந்து மாதத்தில் தன் முழு எடையில் பாதியைத் தொடும். ராணி நான்கு மாதத்தில் 7 கிலோ, அதனால் 14, 15-இல் நிற்பாள் என்று கணக்குப் போட்டேன்.

2. மாதாமாதம் நிறுங்கள்

எனக்கு நேரம் தின்ற இடம் இதுதான். உயரம் கண்ணை ஏமாற்றும், எடை ஏமாற்றாது. குளியலறைத் தராசில் முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், கழித்துப் பாருங்கள்.

முதல் இரண்டு மாதம் என் கணக்கு குதித்துக்கொண்டே இருந்தது. ஒரே காலையில் 13.1 காட்டும், பத்து நிமிஷம் கழித்து 13.9 காட்டும். தராசு கெட்டுவிட்டது என்று புதுசு வாங்கப் போனேன். காரணம் வரவேற்பறையில் விரித்திருந்த திக்கார் கெத்தா, அதாவது மெத்தென்ற தரைவிரிப்பு! தராசின் கால் அதில் அமுங்குகிறது. வெறும் சிமெண்டுத் தரையில் வைத்ததும் சரியாகிவிட்டது. காலையில், சாப்பாட்டுக்கு முன், அதே இடத்தில், அதே தராசில். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ராணியின் கணக்கு: ஆறாம் மாதம் 10.4, எட்டில் 13.1, பத்தில் 14.6, பதினொன்றில் 15, பன்னிரண்டில் 15.1, பதிமூன்றில் 15.2. பன்னிரண்டும் பதிமூன்றும் பாருங்கள், கோடு படுத்துவிட்டது. அப்படி இரண்டு மாதம் தொடர்ந்து நின்றால்தான் மாற்றும் நேரம்.

கூடவே விலாவையும் தொட்டுப் பாருங்கள். கையை நீட்டி, புறங்கை விரல் எலும்பைத் தடவினால் எப்படி இருக்கிறதோ அப்படி விலா கைக்குத் தட்டுப்பட வேண்டும். மடக்கிய முஷ்டி மாதிரித் துருத்தினால் மெலிவு. உள்ளங்கை மாதிரி மெத்தென்றால் கொழுப்பு.

3. மூட்டையில் என்ன போட்டிருக்கிறது?

முன்பக்கத்து நாய்ப்படத்தை விடுங்கள், பின்பக்கச் சின்ன எழுத்தைப் படியுங்கள். 'குரோத்' என்றால் வளரும் குட்டிக்கு, 'மெயிண்டனன்ஸ்' என்றால் வளர்ந்ததற்கு. அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கமான ஆஃப்கோவின் அளவுகோலில், ஈரம் நீக்கிய கணக்குக்கு, வளரும் குட்டிக்குக் குறைந்தது 22.5 சதவீதம் புரதம், வளர்ந்த நாய்க்கு 18. சுண்ணாம்புச் சத்து 1.2, வளர்ந்ததற்கு 0.5. எட்டு மாதத்தில் நான் ராணிக்குக் குறைத்துப்போட்டது இதைத்தான்.

சாக்கில் கொட்டி நிறுத்து விற்பதை நான் வாங்குவதில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்து கிடந்த கொழுப்பு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், பூஞ்சையும் பிடிக்கும், தேதியும் தெரியாது. சின்ன மூட்டை, பையோடு மூடி போட்ட வாளிக்குள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

4. கலந்து மாற்றுவது

பப்பி மூட்டையில் ஒன்றரைக் கிலோவாவது மிச்சம் இருக்கும்போதே புதுசை வாங்கிவிடுங்கள். முதல் மூன்று நாள் கால் பங்கு புதுசு, அடுத்த மூன்று நாள் பாதி, அடுத்த மூன்று நாள் முக்கால், பத்தாம் நாள் முழுசும். ராணிக்கு ஒரு நாளைக்கு 240 கிராம், ஆக பழைய மூட்டையில் ஒரு கிலோவுக்கு மேல் வேண்டியிருந்தது.

மைலோ டின்னால் அளக்காதீர்கள். என் டின்னில் பழையது 190 கிராம், புதுசு 215. மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு ஒன்று போதும்.

மலம் இளகினால் முந்தைய கலவைக்குத் திரும்பி இரண்டு நாள் நில்லுங்கள். ரத்தம், வாந்தி, சோர்வு தெரிந்தால் கலவையைப் பற்றி யோசிக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

பிறகு சேர்த்தது

பீடோரில் ஒரு அண்ணன் ஜெர்மன் ஷெப்பர்ட் வைத்திருக்கிறார். எட்டு மாதத்தில் 27 கிலோ, மாற்றட்டுமா என்று கேட்டார். வேண்டாம் அண்ணா. 15 மாதமாவது ஆகட்டும், எடையும் நிற்கட்டும். அதுவரை பெரிய ஜாதிக் குட்டிக்கென்று போட்ட மூட்டை. கால்சியம் மாத்திரையை அதன்மேல் கொடுக்காதீர்கள்; பெரிய ஜாதிக் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து மிஞ்சினால் எலும்பு கோணலாக வளரலாம்.

கருத்தடை செய்தபின் என்ன என்று இன்னொருவர் கேட்டார். ராணிக்குப் பத்தாம் மாதம் செய்தோம். வளர்ச்சி முடியாததால் பப்பி சாப்பாட்டையே தொடர்ந்தோம். ஆனால் அதன்பின் உடம்புக்குத் தேவைப்படும் சக்தி குறையும் என்பதால், வாரம் ஒருமுறை விலாவைத் தடவிப் பார்த்து அளவை மட்டும் கொஞ்சம் குறைத்தேன். அம்மா மத்தியானம் ரகசியமாகப் போடும் மீன் சோற்றையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.