நாய் வளர்ப்பின் நன்மை முழுதாகக் கிடைக்க வீட்டில் என்ன செய்ய வேண்டும்

நாய் வந்தால் உடம்பு தேறும், தனிமை விலகும், பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரும் என்பார்கள். இவை நடக்கக்கூடியவைதான். ஆனால் நாள் முழுக்க வாசலில் கட்டிக் கிடக்கும் நாயால் இதில் ஒன்றும் நடக்காது. நாயோடு சேர்ந்து தினமும் செய்யும் சில வேலைகளில்தான் நன்மை இருக்கிறது. அந்த வேலைகளை யார், எப்போது செய்வது என்று நாய் வருவதற்கு முன்பே பேசி முடிவெடுங்கள்.

பெரியவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிற வீட்டுக்குக் குட்டி நாய் ஒத்துவராது. 2 மாதக் குட்டியால் ஏறத்தாழ 2 மணி நேரம்தான் சிறுநீரை அடக்க முடியும், 3 மாதக் குட்டியால் 3 மணி நேரம். அப்படிப்பட்ட வீட்டுக்கும் முதியவர்கள் இருக்கும் வீட்டுக்கும் 2 வயதைத் தாண்டிய அமைதியான நாயே நல்லது. யாருக்காவது ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ இருந்தால், நாய் உள்ள வீட்டில் அவர் சில நாட்கள், சில மணி நேரம் இருந்து பார்க்கட்டும். முடி உதிராத இனம் என்பதை நம்பி வாங்காதீர்கள். ஒவ்வாமை தரும் பொருள் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருப்பதால் எந்த இனமும் அதற்கு விலக்கல்ல.

நடை

பெரிய பலன் இதில்தான். பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாயோடு போனாலே அது நிறைவேறிவிடும் என்று நினைக்க வேண்டாம். பத்தடிக்கு ஒருமுறை நாய் மோப்பம் பிடிக்க நின்றால் நீங்களும் நிற்கிறீர்கள். அது உழைப்பில் சேராது. மோப்பம் நாயின் மனதுக்கு அவசியம் என்பதால் அதை நிறுத்தவும் கூடாது. ஆகவே 25 நிமிட நடையை மூன்றாகப் பிரியுங்கள். முதல் 5 நிமிடம் அது விரும்பியபடி மோப்பம் பிடித்து, கழித்துவிட்டு வரட்டும். அடுத்த 15 நிமிடம் விறுவிறுப்பாக நடங்கள். பேச முடிய வேண்டும், பாட மூச்சு பத்தக் கூடாது, அதுதான் சரியான வேகம். கடைசி 5 நிமிடம் மீண்டும் நாயின் இஷ்டம். காலையும் மாலையும் இப்படிப் போனால் வேகநடை மட்டுமே வாரத்துக்கு 210 நிமிடம் வந்துவிடும். குட்டிகளுக்கும் மூக்கு சப்பையான இனங்களுக்கும் இந்த வேகம் ஆகாது.

நாயைப் பிடித்துச் செல்லும் வார் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் இருந்தால் போதும். தானாக நீளும் வார் வேண்டாம். இழுத்தால் நீளம் கிடைக்கும் என்பதையே அது நாய்க்குக் கற்றுக்கொடுக்கிறது. நாய் இழுத்தால் அசையாமல் நில்லுங்கள், வார் தளர்ந்ததும் நடங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் இழுத்த இழுப்புக்குப் போனாலும் மற்றவர்களின் பயிற்சி வீண்தான். வாரை மணிக்கட்டிலோ விரலிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். நாய் திடீரென்று பாய்ந்தால் எலும்பு முறியும், முதியவர்கள் குப்புற விழுவார்கள். வெயில் நேரத்தில் கிளம்பும் முன் புறங்கையைத் தரையில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாயின் பாதமும் வெந்துவிடும், அன்று நேரத்தை மாற்றுங்கள்.

ஸ்வீடனில் 40 முதல் 80 வயது வரையுள்ள சுமார் 34 லட்சம் பேரின் பதிவுகளைக் கொண்டு 2017இல் வெளியான ஆய்வில், நாய் வளர்ப்பவர்களிடம் இதயநோய் மரணம் குறைவாக இருந்தது. தனியாக வாழ்பவர்களிடம் அந்த வேறுபாடு இன்னும் அதிகம். ஆரோக்கியமானவர்களே நாய் வளர்க்க முன்வருகிறார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். தனியாக இருப்பவர்கள் ஒரே நேரத்தில் ஒரே வழியில் போய்வருவது நல்லது. தினமும் பார்க்கும் முகங்கள் இரண்டு வாரத்தில் பேச ஆரம்பித்துவிடும். முதல் கேள்வி நாயின் பெயராகத்தான் இருக்கும்.

தொடுதல்

வளர்ப்பவரும் நாயும் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவர் உடலிலும் பாசப்பிணைப்போடு தொடர்புடைய ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் உயர்வதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். மாலை நடை முடிந்து 10 நிமிடம் தரையில் உட்காருங்கள். நாய் தானாக வரட்டும். மார்பிலும் கழுத்தின் பக்கத்திலும் 3 விநாடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். ஒட்டிக்கொண்டால் தொடருங்கள். முகத்தைத் திருப்பினாலோ, உதட்டை நக்கினாலோ, கொட்டாவி விட்டாலோ போதும் என்று அர்த்தம். உச்சந்தலையில் தட்டுவதும் இறுகக் கட்டிப்பிடிப்பதும் பல நாய்களுக்குப் பிடிக்காது. பழக்கமில்லாத நாயின் கண்ணை உற்றுப் பார்ப்பது அதற்கு மிரட்டல்.

பிள்ளைகள்

4 வயதுக் குழந்தை பெரியவர் துணையோடு தண்ணீர் மாற்றலாம். 8 வயதுப் பிள்ளை அளவுக் கிண்ணத்தால் உணவை அளந்து வைக்கலாம், முடி சீவலாம். தனியாக வெளியே அழைத்துப்போவது, நாயின் முழு இழுப்பையும் தாங்கும் வலு வந்த பிறகுதான். பிள்ளை மறந்தால் அந்த வேளை நாய் பட்டினி கிடக்கக் கூடாது. பாத்திரத்தைப் பார்த்து உறுதிசெய்வது எப்போதும் பெரியவர் வேலை.

சிறு குழந்தையையும் நாயையும், எவ்வளவு சாதுவான நாயானாலும், தனியே விடாதீர்கள். குழந்தைகளைக் கடிப்பது பெரும்பாலும் தெரிந்த நாய்தான். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அதைத் தொடக் கூடாது. நாய் உறுமினால் குழந்தையை விலக்குங்கள், நாயை அடிக்காதீர்கள். உறுமல் எச்சரிக்கை. அதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். கடித்துவிட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசி தொடங்கி, 16 வாரம் வரை இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் தொடர வேண்டும். ரேபிஸ் ஊசி சுமார் 12 வாரத்தில். குடற்புழு மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். உருண்டைப் புழுவின் முட்டைகள் மண் வழியாகக் குழந்தைகளின் வாய்க்குப் போகும். மலத்தை அன்றன்றே அப்புறப்படுத்துவதும் இதற்காகத்தான்.

நாய்க்கு 8 வயதுக்கு மேல் ஆனதும் நடை குறையும். பெரிய இனங்களில் இன்னும் சீக்கிரமே. அப்போது 10 நிமிடமாகச் சுருக்கி, நாளுக்கு 3 அல்லது 4 முறை கூட்டிப் போங்கள். அதை வீட்டில் விட்டுவிட்டு, உங்கள் வேகநடைக்குத் தனியாகக் கிளம்புங்கள்.